செபஸ்தியான் ஏன் சுடவில்லை

செபஸ்தியான் சுடவில்லை. அவர்மேல் ஊர் வைத்த குற்றம் அது ஒன்றுதான். திருடினார் என்றோ, குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்றோ, ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிவிட்டார் என்றோ யாரும் சொல்லவில்லை. கையில் துப்பாக்கி இருந்தது, எதிரே கொள்ளைக்காரன் இருந்தான், அவர் சுடவில்லை. ஏழு மாதம் அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதில்களில் பாதியைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவன் நான். மேலப்புதூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை இருக்கிறது. பாலக்கரையில் அவருக்கும் எனக்கும் ஒரே தெரு.

ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். ஐம்பத்து நாலு வயது. நல்ல உயரம். பேச்சு மட்டும் மெதுவாக வரும். டீக்கடையில் அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஊருக்கு வந்ததும் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கினார். பட்டாளத்திலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே சுலபமாகக் கிடைக்கிற வேலை துப்பாக்கியோடு காவல் நிற்பதுதான். துப்பாக்கியும் லைசென்ஸும் நம்முடையது, நிற்க வேண்டிய கதவு மட்டும் கம்பெனிக்காரர்களுடையது. ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி அவரைத் திருவானைக்காவலில் ஒரு நகைக்கடன் கம்பெனிக் கிளைக்கு அனுப்பியது. ஆறு வருஷம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

வேலையில் சேர்ந்த அன்றே ஏஜென்சி சூப்பர்வைசரிடம் கேட்டாராம்.

“சார், எந்த நேரத்துல சுடலாம், எந்த நேரத்துல கூடாதுன்னு ஏதாவது எழுதிக் குடுப்பீங்களா?”

சூப்பர்வைசர் சிரித்திருக்கிறார். “நீங்க மிலிட்டரி. உங்களுக்கு நாங்க சொல்லணுமா? சும்மா கையில வச்சிக்கிட்டு உக்காருங்க. அதப் பாத்தே ஓடிருவான்.”

பட்டாளத்தில் சுடச் சொல்ல மேலே ஒருவர் இருந்தார். இங்கே அப்படி யாரும் இல்லை. அது அவரை உறுத்தியது. கோர்ட் பக்கம் ஒரு புத்தகக் கடையில் குற்றவியல் சட்டப் புத்தகம் வாங்கிப் படித்தார். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியபோது புதுப் புத்தகமும் வாங்கினார். தற்காப்பு உரிமையைப் பற்றிய பக்கங்களை மட்டும் என் கடையில் ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“என்னண்ணே, பரீட்சையா?” என்று கேலி செய்தேன்.

“சுட்டதுக்கப்புறம் படிச்சு என்ன தம்பி பிரயோஜனம்?” என்றார்.

சம்பவம் நடந்தது போன பங்குனியில், ஆனைக்காவல் தேருக்கு முந்தின வாரம். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கிளையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மேனேஜர் விஜயராணி, கவுன்டரில் உட்காரும் ரிஃபானா, கதவருகே செபஸ்தியான். யாரோ ஒரு வாடிக்கையாளர் நகையைத் திருப்ப வருவதாகப் போன் செய்திருந்ததால் பெட்டக அறை திறந்திருந்தது. போன் செய்தவனே கொள்ளைக்காரர்களில் ஒருவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். வெளியே இரண்டு பைக்குகளில் இரண்டு பேர் இன்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார்கள். “ஹெல்மெட்டக் கழட்டுங்க தம்பி” என்று செபஸ்தியான் சொன்னார். ஒருவன் கழற்றினான். முகத்தில் மாஸ்க் இருந்தது. அதையும் எடுக்கச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் மற்றவன் கவுன்டரைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டான். பைக்குள்ளிருந்து அரிவாளை உருவி, எழுந்து வந்த விஜயராணியின் தோளில் அதன் பின்பக்கத்தால் அடித்தான். அவர் அப்படியே மேசைக்குக் கீழே சரிந்தார். மாஸ்க்காரன் ரிஃபானாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தி, கத்தியைக் கழுத்தில் வைத்தான்.

செபஸ்தியான் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்திருந்தார்.

“கீழ போடு! போடுறா! அறுத்துருவேன்!”

அவர் கீழே போடவில்லை. சுடவும் இல்லை. இடைவெளி பதினோரு அடி. பிறகு போலீஸ் டேப் வைத்து அளந்தது. அந்தத் தோட்டாவுக்குள் ஒரு குண்டு இல்லை, ஒன்பது ஈயக் குண்டுகள். குழலை விட்டு வந்ததும் பரவும். மாஸ்க்காரனின் பாதி முகம் ரிஃபானாவின் முகத்துக்குப் பின்னால் இருந்தது. அவன்மேல் மட்டும் படும்படி குறிவைக்க ஒரு உள்ளங்கை அகலம்கூடக் கிடைக்கவில்லை. அவன் ஒரு தடவை தலையைத் தூக்கினால் போதும் என்று செபஸ்தியான் காத்திருந்தார். அவன் தூக்கவில்லை.

கூட்டாளி பெட்டக அறையில் கைக்கு எட்டியதை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். மாஸ்க்காரன் ரிஃபானாவை இழுத்தபடியே பின்பக்கமாகக் கதவுக்கு நகர்ந்தான். குழல் அவர்களோடு கூடவே நகர்ந்தது. கதவருகே வந்ததும் அவன் அவளைச் செபஸ்தியான் மேல் தள்ளிவிட்டான். அவள் குழல்மேலேயே வந்து விழுந்தாள். விசையிலிருந்து விரலை எடுத்துக் குழலைக் கூரைப்பக்கம் தூக்க அவருக்கு ஒரு நொடிதான் கிடைத்தது. தூக்கிவிட்டார்.

அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே ஓடினார். இரண்டு பேரும் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முதுகு காட்டி, இருபது அடி தூரத்தில். மறுபடி துப்பாக்கியைத் தூக்கினார். பைக்குகளுக்கு நேர் பின்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஸ்ரீரங்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் முன் படியிலும் பின் படியிலும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். “பிடிங்க! பிடிங்க!” என்று கத்திக்கொண்டு பைக்குகளுக்குப் பின்னால் ஓடினார். நம்பரைப் படித்து மனதில் வைத்துக்கொண்டார். அது போலி நம்பர்.

எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்கூட இல்லை.

மதியத்துக்குள் நகை வைத்தவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். ஆட்டோக்காரர் வீட்டுக்காரி, டெய்லர், சமையல் வேலைக்குப் போகிறவர்கள். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் அகிலாண்டம் என்ற அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகச் செபஸ்தியானிடம் வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை அவர் அங்கேதான் வைத்திருந்தார்.

“ஏங்க, கையில என்ன வச்சிருந்தீங்க? வெளக்கமாறா?”

“அம்மா, ரோட்டுல ஜனம் இருந்திச்சும்மா.”

“அப்ப நாங்க ஜனமில்லையா? ஒண்ணு, ஒரே ஒரு வேட்டு போட்டிருந்தா எம்பொண்ணு நக இருந்திருக்குமே! ஆறு வருஷமா உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு உள்ள போனேனே, அது எதுக்கு?”

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வழக்கம்போல வாக்கியம் முடிவதற்குள் அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். யாரோ செபஸ்தியானின் தொப்பியைத் தட்டிவிட்டார்கள். அவர் குனிந்து எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார். அதையும் ஒருவர் போனில் படம் பிடித்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது, கீழே ஒரு வரியோடு: ‘துப்பாக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த வீரர்.’

ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள். காலையில் வரச் சொல்வார்கள், சாயங்காலம் அனுப்புவார்கள். இன்ஸ்பெக்டரின் கேள்வியும் அதேதான்.

“ஏன்யா சுடல?”

“உள்ள சுட்டிருந்தா அந்தப் பொண்ணு செத்திருக்கும் சார். வெளிய வந்தப்ப அவங்க ஓடிட்டிருந்தாங்க. ஓடுறவன முதுகுல சுட்டா தற்காப்பு ஆகாதே சார்.”

“சட்டம் எனக்கே சொல்லித் தர்றியா?”

“இல்ல சார். சுட்டிருந்தா நீங்களே என்னைக் கேட்டிருப்பீங்க, ஏன் சுட்டேன்னு.”

“அத அப்ப பாத்துக்கலாம். இப்ப ஏன் சுடலன்னு சொல்லு.”

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்தது. தோட்டாக்களும் நல்ல தோட்டாக்கள். அதுவே அவருக்கு வினையாக வந்தது. துப்பாக்கி பழுது என்று அறிக்கை வந்திருந்தால்கூட பாவம் என்று விட்டிருப்பார்கள். வேலை செய்கிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவன் சும்மா நின்றான் என்றால், கொள்ளைக்காரர்களுக்கு உடந்தையாக இருப்பான் என்று சந்தேகம் வந்தது. அவருடைய போனை வாங்கி ஆறு மாதத்துப் பேச்சுகளைத் தோண்டினார்கள். லூர்துராணி அக்காவை, அதாவது அவர் மனைவியை, பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் யாரும் வெளியே சொல்லவில்லை.

ஏஜென்சி ‘கடமை தவறியதால்’ என்று இரண்டு வரிக் கடிதம் கொடுத்து வேலையிலிருந்து நீக்கியது. எப்போது சுட வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதவர்கள், சுடாததைக் கடமை தவறியது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸும் வந்தது.

அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அவர் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

“சுட்டவனுக்கு நோட்டீஸ் குடுத்தாப் புரியுது தம்பி. சுடாதவனுக்கு எதுக்கு நோட்டீஸ்? நான் யாரக் கொன்னேன்?” மேசையில் ஓங்கி அடித்தார். பிரின்டரிலிருந்து பேப்பர் சரிந்து கீழே விழுந்தது. உடனே “மன்னிச்சுக்க” என்று உட்கார்ந்து பொறுக்கினார்.

நான் அவரைக் கன்டோன்மென்டில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஸ்டீபன்ராஜிடம் அழைத்துப் போனேன். இளவயது, ஆனால் நிதானமான ஆள். முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

“அண்ணே, உங்க விஷயத்துல ரெண்டு இடம் இருக்கு. ஆபீசுக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. ரெண்டுக்கும் சட்டம் வேற வேற. உள்ள, ஒரு பொண்ணு கழுத்துல கத்தி இருக்கு. உயிர் போயிரும்னு பயப்படுறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. அந்த நிமிஷத்துல அவனக் கொல்ற அளவுக்குக்கூட உங்களுக்கு உரிமை உண்டு. நம்ம உயிருக்கு மட்டுமில்ல, அடுத்தவங்க உயிரக் காப்பாத்தவும் உண்டு.”

“அந்தப் பொண்ணு மேல பட்டிருந்தா?”

“நாப்பத்து நாலாம் பிரிவு. உயிர் போற மாதிரித் தாக்குறாங்க, ஒரு பாவமும் அறியாத ஆளுக்கு ஆபத்து வராம தடுக்க வழியே இல்லன்னா, அந்த ஆபத்துக்குத் துணியுற உரிமையும் உண்டுன்னு சொல்லுது. சட்டத்துலயே ஒரு உதாரணம் போட்டிருக்கு. ஒரு கும்பல் ஒருத்தனக் கொல்ல வருது, கும்பல்ல சின்னப் புள்ளைங்களும் கலந்திருக்காங்க. அவன் தன் உயிரக் காப்பாத்தச் சுட்டு, ஒரு புள்ளைக்கு அடிபட்டாலும் அது குத்தமில்ல. ஆனா யாரக் காப்பாத்தச் சுட்டீங்களோ அவங்களே செத்துட்டாங்கன்னா கோர்ட்ல பெரிய சண்டையா இருக்கும். இருந்தாலும் வாதாட இடம் இருக்கு.”

செபஸ்தியான் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த வரிகளைப் பார்த்தார். அந்த உதாரணத்தை அவர் முன்பே படித்திருக்கிறார். இன்னொருவர் வாயால் கேட்பது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

“சரிங்க. வெளிய?”

“வெளிய கதையே வேற. கொள்ளையத் தடுக்கக் கொல்ற உரிமை உண்டு. ஆனா அது எது வரைக்கும்? உயிருக்கோ ஒடம்புக்கோ உடனடி ஆபத்துங்கிற பயம் இருக்கிற வரைக்கும். அவன் முதுகக் காட்டிட்டு பைக்ல ஏறிட்டான்னா அந்தப் பயம் முடிஞ்சது. அப்புறம் போலீஸ் வேலை. நீங்க சுட்டு அவன் செத்திருந்தா கொலை வழக்கு உங்க மேலதான். தற்காப்புன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்களோடதுதான்.”

“அப்ப சட்டம் சுடலாம்னு சொன்ன இடத்துல என்னால சுட முடியல. ஊரு சுடச் சொன்ன இடத்துல சட்டம் விடல.”

“கரெக்ட்.”

“அப்ப நான் செஞ்சது சரிதானே?”

“நூத்துக்கு நூறு சரி.”

“அத எந்த செக்‌ஷன்ல சொல்லியிருக்கு?”

ஸ்டீபன்ராஜ் புத்தகத்தை மூடினார். “எந்த செக்‌ஷன்லயும் இல்லண்ணே. இது சுட்டவனக் காப்பாத்த எழுதுனது. சுடாதவனுக்கு இதுல ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்து செபஸ்தியானுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆற விட்டார்.

விளக்கக் கடிதத்தை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நான் இரண்டு பக்கமாகச் சுருக்கினேன். அவர் அதில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக விவரித்திருந்தார்: பச்சைச் சேலை கட்டிய பெண், கையில் தூக்கு வாளியோடு ஒருவர், தோளில் குழந்தையோடு ஒருவர். “இதெல்லாம் வேணாம்ணே” என்றேன். “இவங்களுக்காகத்தானே தம்பி நான் சுடல. இவங்கள எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?” என்றார். ஒரு வரியில் சேர்த்தேன். அவருக்குத் திருப்தி இல்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பெண்கள் லூர்துராணி அக்காவிடம் ஏதாவது கேட்பார்கள். ஒருநாள் அந்த அக்காவுக்கே பொறுக்கவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

“ஏங்க, வானத்தப் பாத்தாவது ஒண்ணு சுட்டிருக்கலாம்ல? சத்தமாவது கேட்டிருக்கும்ல? நாலு பேருக்கு நாக்கு நீண்டிருக்காதுல்ல?”

“மேல போன குண்டு மேலயே நின்னுருமா லூர்து? எங்கயாவது எறங்கும்ல? அது எங்க எறங்கும்னு யாருக்குத் தெரியும்?”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க” என்று அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனார். “வேலதான் இல்ல.”

ஆனி மாதத்தில் கொள்ளைக்காரர்கள் பிடிபட்டார்கள். ஆந்திரப் பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று பேர், பிறகு ஒருவன். அந்தக் கிளையில் முன்பு நகை மதிப்பீட்டாளராக இருந்து நீக்கப்பட்ட ஒருவன்தான் அவர்களுக்குக் கிளையைப் பற்றித் துப்புக் கொடுத்திருக்கிறான். நகையில் பாதி உருக்கப்பட்டுவிட்டது. மீதி கோர்ட்டுக்குப் போனது. அகிலாண்டம் அம்மாளுடையது உருகியதில் சேர்த்தி.

இன்ஸ்பெக்டர் செபஸ்தியானை வரச் சொன்னார். “ஒன் மேல ஒண்ணும் இல்லய்யா. போகலாம்.”

“அத எழுதிக் குடுங்க சார்.”

“எத?”

“என் மேல ஒண்ணும் இல்லன்னு.”

“ஒன் மேல கேஸே போடலயே. போடாத கேஸுக்கு என்னத்த எழுதுறது?”

மூன்று முறை போய்க் கேட்டார். நாலாவது முறை உள்ளேயே விடவில்லை.

லைசென்ஸ் விசாரணைக்கு ஒரு சாட்சி வேண்டும், மேசைக்குக் கீழே விழுந்த விஜயராணி எதையும் பார்க்கவில்லை, ரிஃபானாவின் வாக்குமூலம் கிடைத்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருந்தார். செபஸ்தியானுக்குப் போகத் தயக்கம். சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பெண் வேலைக்குத் திரும்பவே இல்லை. ஒரு போனும் இல்லை. தன்மேல் அவளுக்கும் கோபம் இருக்கும் என்று நினைத்தார். கடைசியில் லூர்துராணி அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக் கிளப்பிக்கொண்டு நத்தர்ஷா தர்கா பக்கத்திலிருந்த அவள் வீட்டுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள், வாக்குமூலத்தை அங்கேயே எழுதிக்கொள்ள.

ரிஃபானாவின் அம்மா ரஷீதா டீயும் சமோசாவும் வைத்தார். ரிஃபானா கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் மெல்லிய கோடாக ஒரு தழும்பு இருந்தது. துப்பட்டாவைச் சுற்றி அதை மறைத்துக்கொண்டாள்.

“உன்னக் காப்பாத்த முடியலம்மா” என்றார் செபஸ்தியான்.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே. கத்தி வச்சவன விட ஒங்களப் பாத்துதான் நான் பயந்தேன். அந்த ரெண்டு ஓட்டையும் என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. யா அல்லா, இவரு சுடக்கூடாது, இவரு சுடக்கூடாதுன்னு துஆ கேட்டுக்கிட்டே நின்னேன்.”

ரஷீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செபஸ்தியான் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. ஆனால் ரிஃபானா இன்னும் முடிக்கவில்லை.

“இன்னொண்ணும் சொல்லிரட்டுமாண்ணே? மனசுல வச்சிக்க முடியல. அவன் என்னத் தள்ளிட்டு வெளிய ஓடுனான்ல, அப்ப நீங்க சுடணும்னு நெனச்சேன். ரோட்டுல யாரு இருந்தா என்ன, அவன் சாகணும்னு நெனச்சேன். சத்தம் கேக்கும் கேக்கும்னு தரையில உக்காந்து காத்துக்கிட்டிருந்தேன். கேக்கல. அதுக்காகத்தான் ஒங்களுக்குப் போன் பண்ணல. தப்புன்னு தெரியும். இப்பவும் அப்படித்தான் நெனப்பு வருது.”

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“தப்பில்லம்மா” என்றார் செபஸ்தியான். “எனக்கும் அப்ப அந்த நெனப்புதான் இருந்துச்சு.”

“மொதல்ல சொன்னத எழுதிக்கங்க” என்றாள் அவள் என்னிடம். “அது நெசம். கையெழுத்துப் போட்டுத் தரேன்.” எழுதினேன். போட்டுக் கொடுத்தாள்.

விசாரணை புரட்டாசியில் முடிந்தது. நோட்டீஸ் அனுப்பிய லைசென்ஸ் அதிகாரி ரிஃபானாவின் வாக்குமூலத்தையும் எங்கள் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தினால்தான் லைசென்ஸை ரத்து செய்யலாம், பயன்படுத்தாததற்காக ரத்து செய்ய விதியில்லை என்று எழுதினார். நோட்டீஸ் கைவிடப்பட்டது. அவர் செய்தது சரி என்று அந்த உத்தரவில் எங்கேயும் இல்லை. செபஸ்தியான் அதை மூன்று முறை படித்தார். “அவ்வளவுதானா?” என்று என்னைக் கேட்டார்.

துப்பாக்கியைத் திரும்ப வாங்க இன்னும் மூன்று வாரம் ஆனது. ஈரத்தில் வைத்திருப்பார்கள் போல, குழலில் துரு. இரண்டு நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்.

தில்லை நகரில் ஒரு நகைக்கடைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அவருடைய விண்ணப்பத்தை நான்தான் அடித்தேன். முதலாளி நேரில் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினாராம். எல்லாம் சரியாகப் போனது. எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. இங்க எவனாவது வந்தா சுடுவீங்கல்ல?”

“அது அந்த நேரத்தப் பொறுத்துங்க. யாருக்கு உயிர் ஆபத்து, அவன் வர்றானா போறானா, பின்னால யாரு நிக்கிறாங்க, எல்லாம் பாக்கணும்.”

“சரிங்க, சொல்லி அனுப்புறேன்” என்றார் முதலாளி. சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த பேச்சு எங்கள் வாசல் வரை கேட்டது. சண்டை என்று சொல்ல முடியாது. அக்காவின் குரலில் சலிப்புதான் இருந்தது.

“சுடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொன்னா என்ன, ஒடனே போய்ச் சுடவா போறீங்க? வேலை கெடச்சிருக்கும்.”

“சொல்லலாம்னுதான் நெனச்சேன் லூர்து. வாய் வரைக்கும் வந்துச்சு.”

“அப்புறம்?”

“அந்த பஸ்ஸு ஞாபகம் வந்துருச்சு.”



இப்போது லால்குடி பக்கம் ஒரு ரைஸ் மில் கேட்டில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணி பஸ்ஸில் போய் ஆறரைக்குத் திரும்புகிறார். அங்கே துப்பாக்கி வேண்டாம். லாரி நம்பரை எழுதி, சங்கிலியை இறக்கினால் போதும். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற ஒரு டீலரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைத்துவிட்டார். வீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது என்றார்.

நான் ஒருநாள் ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்: “அந்த பஸ்ல எறங்குனவங்க எல்லாம் வீடு போய்ச் சேந்தாங்களேண்ணே, ஒங்களாலதானே?”

“அவங்களுக்கு அது தெரியாதே தம்பி” என்றார். “வேடிக்கை பாத்தேன்னு அவங்கள்லயும் நாலு பேரு சொல்லிட்டிருப்பாங்க.”

அடுத்த வருஷம் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஃபாரத்தை இங்கே பெரும்பாலும் என் கடையில்தான் அடிப்பார்கள். வருவாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.